செல்லாமல் போன 74,333 ஓட்டுகள்

எங்கள் தவறு ஒன்றிலிருந்தே தொடங்குகிறோம்.

2024 ஏப்ரல் கடைசி. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு முடிந்து பத்து நாள் ஆகியிருக்கும், வட மாநிலங்களில் இன்னும் நடந்துகொண்டிருந்தது. செம்பரம்பாக்கம், திருமழிசை, இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றியது. எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. இடஒதுக்கீட்டை ஒழிப்போம் என்று ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித் ஷா மேடையில் பேசுவதாக அதில் எழுதியிருந்தது. எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. கீழே இருந்த தமிழ் வரியைப் படித்தோம், கோபம் வந்தது, பத்துக் குழுக்களுக்கு அனுப்பினோம்.

அது வெட்டி ஒட்டிய வீடியோ. தெலங்கானாவில் முஸ்லிம்களுக்கான இடஒதுக்கீட்டை நீக்குவோம் என்று அவர் பேசியதைத்தான் அப்படி மாற்றியிருந்தார்கள். அசல் பேச்சும் நமக்கு ஏற்புடையது இல்லை, அது வேறு விவாதம். ஆனால் நாங்கள் பரப்பியது பொய். குழுக்களில் திருத்தம் போட்டோம். முதல் செய்திக்கு வந்த பதில்களில் பாதிகூடத் திருத்தத்துக்கு வரவில்லை.

பிறகு டெல்லி போலீஸ் பதிந்த வழக்கின் பிரிவுகளை உட்கார்ந்து படித்தோம். கலவரத்தைத் தூண்டுதல், பிரிவினரிடையே பகை மூட்டுதல், போலி ஆவணம், ஒருவரின் நற்பெயரைக் கெடுக்கப் போலி ஆவணம், தேர்தல் தொடர்பான பொய் அறிக்கை (இ.த.ச. 171ஜி), தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி. இந்தப் பட்டியலில் அமைச்சரின் நற்பெயர் இருக்கிறது, பொது அமைதி இருக்கிறது. இடஒதுக்கீட்டையே நம்பி வாழும் மக்களின் அச்சத்தைப் பிடித்து ஓட்டாக மாற்றப் பார்த்தார்களே, அந்த மக்கள் இதில் எங்கே? ஏமாற்றப்பட்ட வாக்காளர் என்று ஒருவர் சட்டத்தின் கண்ணில் படவே இல்லை. இது எப்படி நேர்ந்தது என்று தேடிப் போனபோது கிடைத்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறோம்.

அந்த 171ஜி பிரிவின் வயது நூறைத் தாண்டிவிட்டது. 1920-இல் 'இந்தியத் தேர்தல் குற்றங்கள் மற்றும் விசாரணைகள் சட்டம்' வழியாக இந்திய தண்டனைச் சட்டத்தில் 9ஏ என்ற அத்தியாயமே புதிதாகச் சேர்க்கப்பட்டது. லஞ்சம், ஆள்மாறாட்டம், முறையற்ற செல்வாக்கு, பொய் அறிக்கை எல்லாம் அதில்தான் வந்தன. பொய் அறிக்கை என்றால் என்ன? ஒரு வேட்பாளரின் 'தனிப்பட்ட குணம் அல்லது நடத்தை' பற்றிய பொய். இந்தச் சொற்கள் இங்கிலாந்தின் 1895-ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத்தில் இருப்பவை. அங்கே கனவான்கள் கனவான்களோடு போட்டியிட்டார்கள், ஒருவர் மானத்தை மற்றவர் கெடுக்கக் கூடாது என்று சட்டம் செய்துகொண்டார்கள். அது அப்படியே கப்பலேறி வந்தது.

1920-இல் இங்கே யாருக்கு ஓட்டு இருந்தது? சொத்துக்கும் வரிக்கும்தான் ஓட்டு. செம்பரம்பாக்கம் அப்போது செங்கல்பட்டு ஜில்லா. அந்த ஜில்லாவில் பறையர்களிடம் நிலம் இல்லாததையும், மிராசுதாரர்கள் அவர்களை எப்படிக் கட்டிவைத்திருந்தார்கள் என்பதையும் 1891-இல் கலெக்டர் ட்ரெமன்ஹீர் அறிக்கையாகவே எழுதினார். அதன் விளைவாக 1892-இல் வந்ததுதான் பஞ்சமி நில ஆணை. நிலம் இல்லாதவர் வரி கட்டுவதில்லை, வரி கட்டாதவருக்கு ஓட்டு இல்லை. சென்னை சட்டமன்றத்துக்குள் எம்.சி.ராஜா 1920-இல் நுழைந்ததும், இரட்டைமலை சீனிவாசன் 1923-இல் நுழைந்ததும் நியமன உறுப்பினர்களாகத்தான். இருவருமே இந்தச் செங்கல்பட்டு ஜில்லாவில் பிறந்தவர்கள். ஆக, தேர்தல் பொய்யைக் குற்றமாக்கிய சட்டம் எழுதப்பட்ட நாளில் நம் பாட்டன்மார் வேட்பாளராகவும் இல்லை, வாக்காளராகவும் இல்லை. அவர்களை ஏமாற்றுவதைப் பற்றிச் சட்டம் யோசிக்க வேண்டிய தேவையே எழவில்லை.

2024 ஜூலை 1 அன்று பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 171ஜி என்ற எண் 175 ஆனது. தனிப்பட்ட குணம், நடத்தை என்ற சொற்கள் அப்படியே இருக்கின்றன. தண்டனை அன்றும் அபராதம் மட்டும்தான், இன்றும் அபராதம் மட்டும்தான்.

நடுவில் ஒருமுறை இந்தக் கேள்வி மிகப் பெரிதாக எழுந்தது. எழுப்பியவர் அண்ணல் அம்பேத்கர்.

1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைச் சட்ட அமைச்சராக நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் அவர். அந்த ஆண்டு செப்டம்பரில் பதவி விலகினார். 1952 ஜனவரியில் பம்பாய் வடக்குத் தொகுதியில் பட்டியல் சாதி கூட்டமைப்பின் சார்பில் நின்றார். அது இரட்டை உறுப்பினர் தொகுதி, ஒரு இடம் பொது, ஒரு இடம் தனி. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு, ஆனால் இரண்டையும் ஒரே வேட்பாளருக்குப் போடக்கூடாது. போட்டால் ஒன்றுதான் செல்லும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மொத்தச் சூழ்ச்சியும் இதற்குள்தான் இருக்கிறது.

அம்பேத்கர் பெற்றது 1,23,576 ஓட்டுகள். காங்கிரசின் நாராயண் சதோபா கஜ்ரோல்கர் பெற்றது 1,38,137. வித்தியாசம் 14,561. அந்தத் தேர்தலில் செல்லாதவை என்று ஒதுக்கப்பட்ட ஓட்டுகள் 74,333. தோல்வி வித்தியாசத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல்!

அம்பேத்கரும், அவரோடு கூட்டணியாக நின்று தோற்ற சோசலிஸ்ட் தலைவர் அசோக் மேத்தாவும் தேர்தல் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். பொது இடத்துக்கு நின்ற கம்யூனிஸ்ட் தலைவர் எஸ்.ஏ.டாங்கேயும் அவர் ஆட்களும், இரண்டாவது ஓட்டை வீணாக்குங்கள் என்று வாக்காளர்களிடம் பிரச்சாரம் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. இரண்டு சீட்டையும் ஒரே பெட்டியில் போட்டால் ஒன்று வீணாகும். வீணானாலும் பரவாயில்லை, தனி இடத்துக்கு நிற்கும் அந்த மனிதருக்குப் போய்விடக் கூடாது. ஒரு தலித்துக்கு ஓட்டுப் போட மனம் வராத சாதி இந்துவுக்கு இது எவ்வளவு வசதியான யோசனை என்று நாங்கள் விளக்க வேண்டியதில்லை. அதேசமயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த 74,333-இல் எத்தனை பிரச்சாரத்தால் வீணானவை, எத்தனை முதல்முறை ஓட்டுப் போட்டவர்களின் அறியாமையால் வீணானவை என்று பிரிக்க வழியில்லை. ஏமாற்றுகிறவர்களுக்கு எப்போதும் கைகொடுப்பது இந்தப் பிரிக்க முடியாமைதான்.

தேர்தல் முடிவு மாறவில்லை. கஜ்ரோல்கர் உறுப்பினராகத் தொடர்ந்தார், அண்ணல் மாநிலங்களவை வழியாகவே நாடாளுமன்றம் போனார். வழக்கின் தன்மையைக் கவனியுங்கள். அம்பேத்கரின் குணத்தைப் பற்றி யாரும் பொய் சொன்னார்கள் என்பதல்ல புகார். வாக்காளரின் கையில் இருந்த சீட்டைச் செல்லாததாக்கினார்கள் என்பதே புகார். கனவான்களின் மானம் காக்க எழுதிய சட்டத்தில் அதற்கு ஒரு நேரான சொல் இல்லை. சட்டத்தைக் கொண்டுவந்தவரே மனுதாரராக நின்றபோதும் இல்லை.

இரட்டை உறுப்பினர் முறை 1961-இல் ஒழிந்தது. ஆனால் தனித்தொகுதியின் கணக்கு ஒழியவில்லை. நம் செம்பரம்பாக்கம் அடங்கிய பூந்தமல்லி சட்டமன்றத் தொகுதி தனி, அது அடங்கிய திருவள்ளூர் மக்களவைத் தொகுதி தனி, பக்கத்து ஸ்ரீபெரும்புதூர் சட்டமன்றத் தொகுதியும் தனி. ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதிகூட 2008 மறுசீரமைப்பு வரை தனிதான். தனித்தொகுதியில் நிற்பவர் எல்லாரும் நம்மவர், வெற்றியைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் மற்றவர். அதனால் பொய்யின் முகவரியும் அங்கேதான். 'இவர் வந்தால் அவர்கள் தலைதூக்குவார்கள்' என்ற ஒரு வரி போதும். அது வேட்பாளரின் தனிப்பட்ட குணத்தைப் பற்றிய பொய் ஆகாது, எனவே 175 தொடாது.

அதே 1961-இல் இன்னொன்றும் நடந்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 127ஏ பிரிவு சேர்ந்தது. தேர்தல் நோட்டீஸ், சுவரொட்டி எதுவானாலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மொட்டை நோட்டீஸுக்கு எதிரான சட்டம் என்று சொல்லலாம். நம் ஊர்களில் தேர்தலுக்கு முந்தின இரவு யார் அடித்தது என்றே தெரியாத மொட்டை நோட்டீஸ் வீட்டு வாசலில் கிடப்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சுவரொட்டியின் ஓரத்தில் அச்சகப் பெயர் பொடி எழுத்தில் இருப்பது இந்தப் பிரிவால்தான். இன்றைய வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கு அந்த ஓரம் இல்லை.

சட்டத்துக்கு வன்முறை புரிகிறது. வஞ்சகம் அவ்வளவாகப் புரிவதில்லை. 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் வெட்டிக் கொன்றது கொலை, அதற்குப் பிரிவு இருந்தது. ஆனால் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் 2006 வரை நடந்தது என்ன? தனி ஊராட்சிகளில் யாரையும் மனுப் போடவிடாமல் தடுத்தார்கள், அல்லது தாங்களே ஒருவரைப் பொம்மையாக நிறுத்தி ஜெயிக்கவைத்து உடனே ராஜினாமா செய்யவைத்தார்கள். மனு, ஓட்டு, எண்ணிக்கை, சான்றிதழ், ராஜினாமா என எல்லாம் காகிதத்தில் சுத்தம். பத்தாண்டு காலம் ஒரு பொய்த் தேர்தலை அரசு இயந்திரமே நடத்திக்கொடுத்தது. டீப்ஃபேக்கைப் பார்த்துப் புதிதாக மிரள்கிறவர்களுக்கு இந்த மூன்று ஊர்ப் பெயர்களையும் சொல்லுங்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எல்) பிரிவு, ஓட்டுப் போடவிடாமலோ இன்னாருக்குப் போடு என்றோ பட்டியல் சாதியினரைக் கட்டாயப்படுத்துவதை, மிரட்டுவதை, தடுப்பதைக் குற்றமாக்குகிறது. நல்ல பிரிவு. அதிலும் 'ஏமாற்றுவது' என்ற வினை இல்லை. ஆனால் 2015 திருத்தத்துக்குப் பிறகுள்ள 3(1)(யு) பிரிவை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். எழுத்தாலோ பேச்சாலோ காட்சியாலோ வேறு எவ்வகையிலோ பட்டியல் சாதி, பழங்குடியினர் மீது பகை, வெறுப்பு, கெட்ட எண்ணத்தை வளர்ப்பதை அது குற்றம் என்கிறது. 'நாடகக் காதல்' வகையறாப் போலி வீடியோ தேர்தல் நேரத்தில் வந்தால் நம் கையில் இருக்கும் கூரான கருவி இதுதான், 175 அல்ல.

அதற்கு ஏஐ கூடத் தேவையில்லை. 2019 ஏப்ரலில் ஒரு சமூகத்துப் பெண்களை இழிவுபடுத்திய ஒலிப்பதிவு ஒன்று வாட்ஸ்அப்பில் பரவி, புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதி கொந்தளித்தது, 144 தடை போடும் அளவுக்கு. அதே ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளில், அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தலித் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. பானைச் சின்னத்தின் பேரில் எழுந்த ஆத்திரம் அது.

அப்படியானால் போலிச் செய்திக்குக் கடுமையான சட்டம் வேண்டும் என்று கேட்டுவிடலாமா? இங்கேதான் நாங்கள் தயங்குகிறோம். தயக்கத்துக்கு நம் நெடுஞ்சாலையிலேயே காரணம் இருக்கிறது.

2021 டிசம்பர். சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் சாப்பிட்ட சாப்பாடு விஷமானது. 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பூந்தமல்லிக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் நடுவில்தான் செம்பரம்பாக்கம், அந்த விடுதிப் பேருந்துகள் தினமும் போய் வரும் வழி. கூடத் தங்கியிருந்தவள் எங்கே, எப்படி இருக்கிறாள் என்று தெரியாமல் தவித்த பெண்களிடையே சிலர் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி பரவியது. 17-ஆம் தேதி இரவு சாலையில் உட்கார்ந்தார்கள், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை நின்றது. யாரும் இறக்கவில்லை, செய்தி பொய்தான். மருத்துவமனையில் இருந்தவர்களை வீடியோ அழைப்பில் காட்டித்தான் அதிகாரிகளால் நம்பவைக்க முடிந்தது. வதந்தி பரப்பியதாக யூடியூபர் ஒருவர் உட்படச் சிலரைப் போலீஸ் கைது செய்தது.

அந்த யூடியூபரின் அரசியலோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. ஆனால் உண்மையை நேரத்தில் சொல்லாமல் இருந்தவர்களுக்கு என்ன பிரிவு? பொய் பேசியவருக்கு எஃப்ஐஆர், உண்மையை மறைத்தவருக்கு எதுவும் இல்லை. ஆலையைத் தன் வாடிக்கையாளர் நிறுவனமான ஆப்பிளே கண்காணிப்பில் வைத்தது என்றால், அது அந்தப் பெண்கள் சாலையில் உட்கார்ந்ததால்.

இதற்கு முன்னும் பார்த்தோம். 66ஏ பிரிவு கெட்ட செய்திகளைத் தடுக்கத்தான் வந்தது. புதுச்சேரியில் ஒன்றிய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்வீட் போட்டவரை 2012-இல் பிடித்தது. 2013-இல் உத்தரப் பிரதேசம் ராம்பூரில் தலித் எழுத்தாளர் கன்வல் பாரதியை, மாநில அரசை விமர்சித்த ஒரு முகநூல் பதிவுக்காகக் கைது செய்தார்கள். அந்தக் கைது 66ஏ வழக்கின்போது உச்ச நீதிமன்றத்தின் முன்னும் வைக்கப்பட்டது. 2015 மார்ச் 24 அன்று நீதிமன்றம் பிரிவையே ரத்து செய்தது. 2023-இல் ஒன்றிய அரசு, தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே சொல்லும் உண்மை சரிபார்ப்புப் பிரிவுக்கு விதி போட்டது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அதைத் தூக்கியெறிந்தது. பஞ்சமி நிலம் இத்தனை ஏக்கர் போய்விட்டது என்று நாம் ஒரு பதிவு போட்டால், அது பொய் என்று சொல்லும் அதிகாரம் நிலத்தைக் கொடுத்தவர் கையில் இருந்திருக்கும்.

இன்றைய நிலை என்ன? 2024 ஜனவரியில், ஸ்ரீபெரும்புதூர் எம்.பி. டி.ஆர்.பாலுவின் தன்வரலாற்று நூல் விழாவில், 2018-இல் மறைந்த கலைஞர் திரையில் தோன்றி வாழ்த்தினார். அடுத்த மாதமே அ.தி.மு.க. ஜெயலலிதாவின் குரலை ஏஐ மூலம் வெளியிட்டது. இரண்டும் வெளிப்படையாகச் செய்தவை, ஏமாற்று என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் செத்தவர் வந்து பேசுவது நம் காதுக்குப் பழகிவிட்டது. 2024 மே 6 அன்று தேர்தல் ஆணையம், டீப்ஃபேக் தெரியவந்தால் மூன்று மணி நேரத்துக்குள் கட்சிகள் நீக்க வேண்டும் என்றது. 2025 அக்டோபரில், பீகார் தேர்தலை ஒட்டி, ஏஐ படம் என்றால் திரையின் பத்து சதவீதத்துக்குக் குறையாமல் அடையாளம் போட வேண்டும் என்றது. 2026 பிப்ரவரியில் ஒன்றிய அரசின் ஐ.டி. விதிகளும் அடையாளத்தைக் கட்டாயமாக்கி, அரசோ நீதிமன்றமோ சொன்னால் நீக்கும் அவகாசத்தை 36 மணியிலிருந்து மூன்று மணியாகக் குறைத்தன. எல்லாமே கட்சிக்கும் கம்பெனிக்கும் இடுகிற கட்டளைகள். அடையாளம் போடுகிறவர் நேர்மையாளர்தான், மொட்டை நோட்டீஸ்காரர் போடமாட்டார். வாக்காளர் புகார் சொல்ல ஆணையம் தந்திருக்கும் சி-விஜில் செயலியோ, அந்த இடத்திலேயே எடுத்த படத்தைத்தான் ஏற்கும். போனில் வந்து சேர்ந்த வீடியோவை அதில் ஏற்ற முடியாது!

வாக்காளரைப் பற்றிச் சட்டம் யோசித்த ஒரு இடத்தைச் சொல்லிவிடுகிறோம். அதுவும் தமிழ்நாட்டு ஊராட்சி ஒன்றிலிருந்து வந்தது. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் வட்டம் தேக்கம்பட்டியில் 2006-இல் தலைவராக வென்றவர், தன் மீதான குற்ற வழக்குகளை மறைத்திருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கிருஷ்ணமூர்த்தி எதிர் சிவகுமார், 2015 பிப்ரவரி 5. வழக்குகளை மறைப்பது வாக்காளர் தெரிந்து தேர்வு செய்யும் உரிமையில் தலையிடுவது, எனவே அது 'முறையற்ற செல்வாக்கு' என்றது தீர்ப்பு. 1920-இன் அதே அத்தியாயத்தில் உள்ள, மிரட்டலுக்கும் உருட்டலுக்கும் பெரும்பாலும் பயன்பட்டு வந்த சொல் அது. மறைப்பு செல்வாக்கு ஆகுமென்றால் போலி வீடியோ ஏன் ஆகாது? இந்த வாதம் நீதிமன்றத்தில் எடுத்துவைக்க வேண்டிய வாதம், சட்டம் படிக்கும் தோழர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்குச் சில வேலைகள். போலி வந்தால் கோபத்தில் அழிக்காதீர்கள், திருப்பி அனுப்பாதீர்கள். வந்த போனிலேயே வைத்திருங்கள், எந்தக் குழு, எந்த எண், எத்தனை மணி என்று தாளில் எழுதுங்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட் நீதிமன்றத்தில் நிற்காது. பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் எண்ணும் நிபுணர் கையெழுத்தும் வேண்டும். நம்மைக் குறிவைத்த பொய் என்றால் காவல் நிலையத்தில் 3(1)(யு) என்று எழுத்தில் கொடுங்கள், மாவட்டத் தேர்தல் அலுவலரான கலெக்டருக்கு நகல் அனுப்பி ரசீது வாங்குங்கள். தேர்தல் வழக்கு வேட்பாளர்தான் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின்படி அந்தத் தொகுதியின் எந்த வாக்காளரும் போடலாம். முடிவு அறிவித்து 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில். கட்ட வேண்டிய காப்புத்தொகை 2,000 ரூபாய்.